அறுவடை யாருடையது? பஞ்சாபித் திருவிழாக்களும் சீக்கிய அடையாளமும்

1

சீக்கியர், பஞ்சாபி என்ற இரண்டு சொற்களையும் சென்னையில் நாம் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் புழங்கி வருகிறோம். ஒன்று மதத்தின் பெயர், மற்றது மொழியின், நிலத்தின் பெயர் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் 'பஞ்சாபிக்காரர்' என்ற மாத்திரத்தில் தலைப்பாகையும் தாடியுமாக ஓர் உருவம் வந்து நின்றுவிடுகிறது. சினிமா அதன் பக்கத்தில் ஒரு டோல் மேளத்தை வைத்து ஆடவும் விட்டுவிடுகிறது. உண்மையில் பஞ்சாபி பேசுவோரில் பெரும்பான்மையினர் பாகிஸ்தானில் வாழும் முஸ்லிம்கள். இந்தியப் பஞ்சாபிலும் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர்தான் சீக்கியர். 38 பேருக்கு மேல் இந்துக்கள்.

இந்த வேறுபாடு நம் நகரத்துக்குள்ளேயே இரண்டு நிறுவனங்களாக இருக்கிறது. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் இருப்பது குரு நானக் சத்சங்க சபையின் குருத்வாரா. இன்னொன்று 1937ல் தொடங்கிய பஞ்சாப் அசோசியேஷன். அண்ணா நகரில் பெண்கள் கல்லூரி உட்படக் கல்வி நிறுவனங்களை நடத்துவது. முதலாவதன் வாசல் மதம், எந்த மொழிக்காரரும் உள்ளே போகலாம். இரண்டாவதன் வாசல் மொழியும் ஊரும், எந்த மதத்துப் பஞ்சாபியும் உள்ளே போகலாம். ஒரே குடும்பம் இரண்டு வாசலுக்கும் போய்வருவதில் நடைமுறையில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் சிந்தனையில்தான். லோஹ்ரி, வைசாகி, பாங்ரா, கித்தா என்று 'பஞ்சாபிப் பண்பாடு' என்ற பெயரில் வழங்குகிற இவற்றுக்குச் சீக்கியருக்கு என்று ஓர் அர்த்தம் உண்டா?

நான் கேட்ட பதில்கள் மூன்று. வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தி.நகர் நண்பர் சொன்னது: "லோஹ்ரி எங்களுக்குப் பொங்கல் மாதிரி சார். ஊர்ப் பண்டிகை. அதுல சாமி கிடையாது." குருத்வாராவுக்குத் தவறாமல் போகிற ஒரு பெரியவர் சொன்னது: "அதெல்லாம் பஞ்சாபிங்க பண்டிகைப்பா. சீக்கியனுக்கு குருமாருங்க பிறந்த நாளு, வைசாகி, இவ்வளவுதான். மத்தது கூத்து." அடையாறில் வசிக்கும் கல்லூரி மாணவி சொன்னது: "காலேஜ் கல்ச்சுரல்ஸ்னா என்னைத்தான் பாங்ரா ஆடக் கூப்பிடுறாங்க அங்கிள். நான் யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டேன். எங்க பாட்டி ஆடி நான் பாத்ததே இல்ல."

முதல் இருவரும் பண்டிகைக்குள் என்ன இருக்கிறது என்று பேசுகிறார்கள். அந்தப் பெண், பண்டிகையை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பேசுகிறாள். நம் கட்டுரைக்கு உதவுவது அவளுடைய பதில்தான். ஆனாலும் மற்ற இருவரையும் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

2

முதலில் நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். சனவரி 13 இரவு லோஹ்ரி. அன்று விடிகாலையில் மயிலாப்பூர்ச் சந்துகளில் நாம் பெரும்பாலும் போகி கொளுத்தி முடித்திருப்போம். இரவில் அவர்கள் தீ மூட்டுகிறார்கள். எள், வெல்லம், வேர்க்கடலை, சோளப்பொரி ஆகியவற்றை நெருப்பில் இட்டுச் சுற்றிவருவது வழக்கம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆண்குழந்தை பிறந்த வீடு என்றால் கொண்டாட்டம் கூடும். (பெண்குழந்தைக்கும் லோஹ்ரி வைப்போம் என்று இப்போது அங்கே ஓர் இயக்கமே உண்டு.) பாட்டில் வருகிற நாயகன் துல்லா பட்டி. அக்பர் காலத்தில் வரி எதிர்ப்பில் கலகம் செய்து தூக்கில் போடப்பட்ட முஸ்லிம் நிலக்கிழான். ஏழைப் பெண்களைக் காப்பாற்றிக் கல்யாணம் செய்துவைத்தவன் என்பது மக்கள் கதை. இதில் சீக்கிய குரு யாரும் இல்லை. சீக்கிய நூலும் இல்லை. அப்படியானால் லோஹ்ரி பஞ்சாபிப் பண்டிகை. இந்த அளவில் நண்பரும் பெரியவரும் ஒத்துப்போகிறார்கள்.

மறுநாள், தை முதல் நாள், மாகி. பஞ்சாபின் முக்த்சரில் பெரிய கூட்டம் கூடும். குரு கோவிந்த் சிங்கைக் கைவிட்டுப் போன நாற்பது பேர் திரும்பி வந்து மொகலாயப் படையோடு போரிட்டு மாண்டதை அன்று நினைவுகூர்கிறார்கள். சூரியன் மகரத்தில் நுழையும் அதே பழைய நாள்தான். ஆனால் அதன்மேல் ஒரு சமூக நினைவு எழுதப்பட்டுவிட்டது. 13 பஞ்சாபி, 14 சீக்கியம். நடுவில் ஓர் இரவு.

ஏப்ரலில் வரும் வைசாகி இன்னும் சிக்கலானது. சூரியன் மேடத்தில் நுழைகிற நாள். அதாவது நம் சித்திரை முதல் நாள். பஞ்சாபில் கோதுமை அறுவடை. 1699ல் இதே நாளில்தான் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில் கால்சாவை நிறுவினார். உருவிய வாளோடு நின்று அவர் தலை கேட்டபோது எழுந்து வந்த ஐவரைப் பற்றி மரபு சொல்வது கவனத்துக்குரியது. லாகூர், அஸ்தினாபுரம், பூரி ஜகந்நாதம், துவாரகை, பீதர் என்பன அவர்களுடைய ஊர்கள். கத்ரி, ஜாட், தண்ணீர் சுமப்பவர், துணித் தொழிலாளி, நாவிதர் என்பன அவர்களுடைய சாதிகள். லாகூர் ஒன்றுதான் பஞ்சாப். பீதர் இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது. சீக்கிய மரபின் மையமான காட்சியிலேயே ஐந்தில் நால்வர் 'பஞ்சாபிப் பண்பாட்டுக்கு' வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த நாவிதர் சாகிப் சந்த் பாங்ரா ஆடியிருப்பாரா என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலானதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் மூன்றாம் குருவான அமர்தாஸ், மக்கள் வழக்கமாகத் தீர்த்தங்களுக்கும் திருவிழாக்களுக்கும் போகிற நாட்களாகப் பார்த்து, வைசாகி, தீபாவளி முதலான நாட்களில், கோயிந்த்வாலில் தம்மிடம் வந்து கூடச் சொன்னார். வந்தவர்கள் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகுதான் குருவைப் பார்க்கலாம் என்பது அவர் வைத்த விதி என்கிறது மரபு. ஹோலிக்கு மறுநாள் ஹோலா மொஹல்லா என்று போர்ப்பயிற்சி விழாவைக் கோவிந்த் சிங் ஏற்படுத்தியதும் இதே முறைதான். பழைய நாளை ஒழிக்கவில்லை, அதில் உட்காரும் வரிசையை மாற்றினார்கள். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதுதான் மாற்றியமைக்கப்பட்டது. நாள் ஊருடையது, வரிசை குருவினுடையது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

3

'சரி, அப்படின்னா விஷயம் முடிஞ்சுபோச்சே; வைசாகியை வச்சுக்கோ, லோஹ்ரியை விட்டுடு' என்று சொல்லிவிடலாமா? பெரியவருடைய நிலைப்பாடு இதுதான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு அவ்வளவு அப்பாவியானதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிங் சபா இயக்கம் எழுந்தது. ஒருபக்கம் ஆரிய சமாஜத்தின் 'சுத்தி', இன்னொருபக்கம் கிறித்துவ மிஷன்கள், நடுவில் தலைகளை மதவாரியாக எண்ணும் காலனிய அரசின் மக்கள்தொகைக் கணக்கு. இந்த நெருக்கடியில்தான் 'நாங்கள் இந்துக்கள் அல்ல' என்று பொருள்படும் தலைப்பில் கான் சிங் நாபா 1898ல் நூல் எழுதினார். 1905ல் அமிர்தசரஸ் பொற்கோயில் சுற்றுப்பாதையிலிருந்து விக்கிரகங்கள் அகற்றப்பட்டன. 1909ல் சீக்கியத் திருமணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1945ல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட நடத்தை விதித்தொகுப்பு, சாதி, தீண்டாமை, நல்ல நேரம் கெட்ட நேரம், சிராத்தம், ஏகாதசி விரதம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தது. ஒருவர் சீக்கியர் ஆவதற்கான வரையறையில் பஞ்சாபில் பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

ஹர்ஜோத் ஓபராய் 1994ல் வெளியிட்ட நூலில் இந்த எல்லை வரைதலைத்தான் ஆராய்ந்தார். அதற்கு முன்பு கிராமத்துச் சீக்கியர் சக்கி சர்வர் என்ற முஸ்லிம் பீரின் தலத்துக்குப் போனார்கள், பாம்புக் கடவுளான குக்காவைக் கும்பிட்டார்கள், அண்டை வீட்டு இந்துவோடும் முஸ்லிமோடும் ஒரே சடங்குலகில் வாழ்ந்தார்கள், நகர்ப்புறப் படித்த வர்க்கம்தான் அவற்றை 'மூடத்தனம்' என்று கழித்துக்கட்டி ஒற்றை அடையாளத்தைக் கட்டமைத்தது என்பது அவர் வாதம். சீக்கிய அறிஞர்கள் பலர் இதைக் கடுமையாக மறுத்தார்கள். எல்லை குருமார் காலத்திலேயே போடப்பட்டது, காலனியம் வந்து போட்டதல்ல என்றார்கள்.

இருதரப்பிலும் உண்மை இருக்கிறது என்று நழுவ நான் விரும்பவில்லை. பந்தி வரிசை குருமார் போட்டது என்பது உறுதி. அதே சமயம், சீர்திருத்தக்காரர்கள் வரிசையை மட்டும் காத்துவிட்டு நிற்கவில்லை. பெண்களின் பாட்டுகளையும் கல்யாணக் கேலிகளையும் மேளாக்களையும் சேர்த்தே கழுவினார்கள். எது சாதியைச் சுமந்தது, எது வெறுமனே சந்தோஷத்தைச் சுமந்தது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. நமக்கு இது பழக்கமான கதைதான். கலாக்ஷேத்ரா 1936ல் அடையாற்றில் தொடங்கியது. சதிர் பரதநாட்டியமாகத் 'தூய்மை' பெற்ற அந்தக் காலகட்டத்தில் கலை மேடையேறியது, அதைக் காலங்காலமாகக் காத்துவந்த பெண்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள். தூய்மை என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தி வெளியே போய்க்கொண்டிருக்கிறாள் என்று சந்தேகப்படுவது நல்லது.

லோஹ்ரியைக் 'கூத்து' என்று தள்ளுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1947ல் பஞ்சாப் இரண்டாக வெட்டப்பட்ட பிறகு, சீக்கியரும் இந்துவும் ஒரு முஸ்லிம் கலகக்காரனின் பெயரைத் தீயைச் சுற்றிப் பாடுகிற இரவு அது ஒன்றுதான். அதன் மதிப்பு அது சீக்கியம் என்பதில் இல்லை. அது சீக்கியம் இல்லை என்பதில்தான் இருக்கிறது. எல்லா நல்ல விஷயத்துக்கும் மதத்தின் கையெழுத்து வேண்டும் என்பது என்ன கட்டாயம்?

4

இனி நண்பரின் பதில்: 'ஊர்ப் பண்டிகை, அதுல சாமி கிடையாது.' கேட்க இனிமையாக இருக்கிறது. சாமி இல்லை, சரி. சாதி?

அறுவடை விழா என்கிறோம். யாருடைய அறுவடை? 2011 கணக்குப்படி பஞ்சாப் மக்களில் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே மிக அதிகமான விகிதம் இது. நிலமோ பெரும்பாலும் ஜாட் சாதியினரிடம் இருக்கிறது. கிராமப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கைக் கேட்டு 2014 முதல் சங்ரூர் பகுதியில் தலித் மக்கள் அமைப்பாகப் போராடி அடிபட்டிருக்கிறார்கள். கோதுமையை அறுத்தவரும் கோதுமைக்கு உரியவரும் ஒருவர் அல்ல. டிராக்டர், துப்பாக்கி, நிலம், மீசை என்று ஜாட் பெருமை பேசும் பாட்டுகள்தான் இன்று 'பஞ்சாபிப் பண்பாடு' என்று உலகம் முழுக்கப் போகின்றன.

பாங்ராவே ஒரு பாடம். சியால்கோட், குஜ்ரன்வாலா, குர்தாஸ்பூர் பக்கத்து ஊர்களில் வைசாகியை ஒட்டி ஆடப்பட்ட ஓர் ஆட்டம், 1950களில் பாட்டியாலாப் பகுதியில் திரட்டப்பட்டு, வேறு ஆட்டங்களின் அடவுகளும் சேர்க்கப்பட்டு, குடியரசு தின அணிவகுப்புக்கும் சினிமாவுக்கும் ஏற்ற மேடை வடிவமாக ஆக்கப்பட்டது. சுனாமைச் சேர்ந்த தீபக் சகோதரர்களின் குழு இதில் முக்கியமானது. அந்தக் குழுவுக்கு டோல் அடித்து ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் பானா ராம், பாசிகர் என்ற பட்டியல் சாதியில் பிறந்தவர். ஆட்டம் பஞ்சாபின் கௌரவம் ஆயிற்று. மேளக்காரனின் சாதி மேளக்காரனிடமே தங்கிவிட்டது.

இதை வாசிக்கிற நமக்குப் பறை ஞாபகம் வராமல் இருக்காது. 2007ல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் நகரத்துப் பூங்காக்களுக்குப் பறை வந்தது. இடையில் நின்றுபோய் 2023ல் அது மீண்டும் நடந்தபோதும் வந்தது. நல்லதுதான், நானும் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் பூங்காவில் பறை 'தமிழர் கலை', ஊரில் சாவு வீட்டு வாசலில் அது ஒரு சாதியின் கடமை. முதல் இடத்தில் கைதட்டுகிறவர் இரண்டாவது இடத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்கிற வசதியைத்தான் 'பண்பாடு' என்ற சொல் நமக்குத் தருகிறது. பொங்கலைச் சாமி இல்லாத தமிழர் திருநாளாகத் திராவிட இயக்கம் முன்வைத்தது பெரிய காரியம். அதனால்தான் தேவாலயத்திலும் பொங்கல் பானை ஏறுகிறது. ஆனால் சாமியை இறக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் பின்னணியில் அறுவடைக் கூலியாகக் கேட்ட கூடுதல் நெல் இருந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நாள் அது.

சாதியை மதம் வார்த்தையளவிலாவது மறுத்த இடத்தில், பண்பாடு அதைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து வருகிறது. சீக்கிய நூல் சாதியை மறுக்கிறது. ரவிதாஸ், கபீர், நாமதேவர் முதலானோரின் பாடல்களைக் குருமார் பாடல்களோடு சேர்த்தே அது வைத்திருக்கிறது. ஆனால் பஞ்சாபின் பல கிராமங்களில் ஜாட் குருத்வாரா வேறு, தலித் குருத்வாரா வேறு, சுடுகாடும் வேறு. 2009 மே மாதம் வியன்னாவில் ரவிதாஸியர் கோயிலில் சந்த் ராமானந்த் கொல்லப்பட்ட பிறகு, 2010ல் ரவிதாஸியரில் ஒரு பகுதியினர் தனி மதம், தனி நூல் என்று பிரிந்து போனார்கள். பந்தியில் சேர்த்து உட்காரவைத்த மதத்தை, வயலில் பிரித்து நிற்கவைக்கும் பண்பாடு ஜெயித்ததன் விளைவு அது.

5

இவையெல்லாம் பஞ்சாபின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு 1936ஐ நினைவூட்ட வேண்டும்.

இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935 அக்டோபரில் யேவலாவில் அறிவித்த அம்பேத்கர், 1936 ஏப்ரலில் வைசாகியை ஒட்டி அமிர்தசரசில் கூடிய சீக்கிய மிஷன் மாநாட்டுக்குப் போய்ப் பேசினார். மாற வேண்டிய மதமாகச் சீக்கியம் அப்போது அவர் முன் உண்மையாகவே இருந்தது. இந்து மகாசபையின் மூஞ்சே இதில் ஒரு வழியைக் கண்டார். தாழ்த்தப்பட்டோர் இஸ்லாமுக்கோ கிறித்துவத்துக்கோ போவதைவிடச் சீக்கியத்துக்குப் போகட்டும், அது 'இந்துப் பண்பாட்டுக்குள்' இருப்பதுதானே என்பது அவர் கணக்கு. அம்பேத்கரும் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே அன்று பேரம் பேசினார். மூஞ்சே இதற்குச் சம்மதம் கேட்டு எழுதியது யாருக்கு? பரங்கிமலையில் பிறந்த நம் எம்.சி. ராஜாவுக்கு. ராஜா மறுத்தார். தாழ்த்தப்பட்டோரின் விடுதலையை, ஒரு மதக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தலைகளை மாற்றுகிற காரியமாகப் பார்க்கிறீர்கள் என்று குற்றம் சாட்டினார். கடிதங்கள் அந்த ஆண்டே வெளியே வந்தன.

ராஜாவின் அரசியலில் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். மூஞ்சேயின் திட்டத்தில் 'பண்பாடு' என்ற சொல் செய்த வேலை என்ன என்பதைத்தான் இங்கு பார்க்க வேண்டும். போ, ஆனால் கயிறு என் கையில் இருக்கட்டும் என்பதே அதன் பொருள். அந்தக் கயிறு சட்டத்திலும் இருக்கிறது. 1950ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களையும், பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகளையும் மட்டும் ஏற்றது. 1956ல் சீக்கியர் எல்லோரையும், 1990ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டது. கிறித்துவத்துக்கோ இஸ்லாமுக்கோ போன தலித் வெளியே நிற்கிறார்.

இந்தப் பின்னணியில்தான் 2020-21 விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜீவன்குமார் தில்லி எல்லைப் போராட்டத்தின் தாக்கத்தில் சீக்கியத்தைத் தழுவி ஜீவன் சிங் ஆனார். அவர் தலைமையிலான பகுஜன் திராவிட கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தலைப்பாகை அணிந்த தமிழ்ச் சீக்கியர் ஏழு பேரை நிறுத்தியது. வாக்கு சொற்பம். நம் பத்திரிகைகள் அதை ஒரு விநோதப் படமாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. 2011ல் தமிழ்நாட்டில் சீக்கியர் மொத்தமே பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. இவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பது புதிய, மிகச் சிறிய நிகழ்வு. ஆனால் ஒரு கோட்பாட்டைச் சோதிக்க ஏழு பேர் போதும்.

அவர்களை நம் கேள்வியின் முன் நிறுத்திப் பாருங்கள். தென்கோடியிலிருந்து ஒரு தமிழ்ச் சீக்கியர் சென்னையில் ஒரு வைசாகிக் கூட்டத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். அங்கே கொண்டாடப்படுவது கோதுமை அறுவடையும் பாங்ராவும் என்றால் அவர் விருந்தாளி. மரியாதையாக உட்காரவைத்து 'பாருங்க, மதராஸிகூட வந்திருக்கார்' என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கொண்டாடப்படுவது 1699ல் ஐந்து ஊர்க்காரர், ஐந்து சாதிக்காரர் ஒரே கிண்ணத்தில் குடித்தது என்றால் அவர் வீட்டுக்காரர். ஒரே நாள், ஒரே சாலை, ஒரே கூட்டம்தான். அவர் விருந்தாளியா வீட்டுக்காரரா என்பதுதான் வித்தியாசம். நண்பர் சொன்ன 'பொங்கல் மாதிரி' என்பதை அவரும் சொல்லலாம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே பொங்கல் இருக்கிறதே! அதை விட்டுவிட்டு லோஹ்ரிக்கு மாற வேண்டும் என்று யாராவது கேட்டால், அது மதமாற்றம் அல்ல, இனமாற்றம்.

மொழி இதைவிடச் சிக்கலானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விதித்தொகுப்பு சீக்கியர் குர்முகி கற்க வேண்டும் என்கிறது. நூல் அந்த எழுத்தில் இருப்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் குர்முகி ஓர் எழுத்து. அந்த எழுத்துக்குள் பழம்பஞ்சாபியோடு விரஜ், பாரசீகம், சிந்தி, மராத்திச் சாயல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. நூலே பல மொழிகளுக்கு இடம் கொடுத்திருக்கையில், அதைச் சுற்றியுள்ள சமூகம் ஒரே மொழியின் வேலியாக அதை ஆக்கிவிடுவது நூலுக்கு எதிரான வாசிப்பு.

தமிழ்ச் சீக்கியர்களுக்கு எல்லாம் பொன்னாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களை ஈர்த்த அதே சிங்கு எல்லையில், 2021 அக்டோபரில், புனித நூலை அவமதித்தார் என்று குற்றம் சாட்டி ஒரு தலித் சீக்கியக் கூலித்தொழிலாளியை நிகாங்குகள் வெட்டிக் கொன்று தடுப்பில் தொங்கவிட்டார்கள். பந்தியும் அங்கேதான் நடந்தது, கொலையும் அங்கேதான் நடந்தது. வரிசை ஒருமுறை மாற்றப்பட்டால் அப்படியே நின்றுவிடாது. ஒவ்வொரு நாளும் யாராவது அதைப் பழையபடி அடுக்கிக்கொண்டேயிருப்பார்கள்.

6

ஆக, பஞ்சாபித் திருவிழாக்கள் சீக்கியருக்கு அர்த்தமுள்ளவையா? அர்த்தம் பண்டிகைக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பொருளல்ல என்பதே என் பதில். நாட்காட்டியை வைத்து அதைத் தீர்க்கவும் முடியாது. 2003ல் நானக்ஷாகி நாட்காட்டி வந்து, 2010ல் திருத்தப்பட்டு, இன்றுவரை அதன்மேல் சண்டை ஓயவில்லை. நாம் 2008ல் சட்டம் போட்டுப் புத்தாண்டைத் தைக்கு மாற்றி, 2011ல் இன்னொரு சட்டம் போட்டுச் சித்திரைக்கே திருப்பினோம். இரண்டு ஆண்டுப் பிறப்பிலும் மயிலாப்பூர் மாடவீதியில் கூட்டம் குறையவில்லை. எச்சில் இலை எடுக்கிறவர்களும் மாறவில்லை.

லோஹ்ரி பஞ்சாபிகளின் பொதுச்சொத்தாக இருக்கட்டும். தீயைச் சுற்றி முஸ்லிம் பெயர் ஒன்று ஒலிப்பது நீடிக்கட்டும். அதைச் சீக்கியம் என்று சொல்லவும் வேண்டாம், சீக்கியத்துக்கு விரோதம் என்று தள்ளவும் வேண்டாம். வைசாகியில் கோதுமை ஒரு துணைக்கதை. சென்னையில் கோதுமை வயலே கிடையாது, ஆனாலும் ஜி.என். செட்டி சாலையில் வைசாகி நடக்கிறது. ஒரு குறையும் தெரிவதில்லை. அங்கே நடக்கிற லங்கர் இல்லாமற்போனால்தான் குறை தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தச் சமையல்கட்டிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள் யாரும் பாங்ரா பார்க்கவில்லை. ஆனால் குரு அமர்தாஸ் போட்ட விதி என்ன என்பதை அவர்கள் சாப்பிட்டே தெரிந்துகொண்டார்கள்.

அடையாற்றுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது: "அப்ப நான் ஆடக் கூடாதா அங்கிள்?" தாராளமாக ஆடலாம். ஆட்டம் அவளுக்குப் பிடித்திருக்கிறது, அது போதும். ஆடினால்தான் நீ சீக்கியப் பெண் என்று கல்லூரி சொல்கிறதே, அதைத்தான் அவள் மறுக்க வேண்டும். மேளம் அடிப்பது யார் என்றும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். அடுத்த முறை 'தமிழர் பண்பாட்டு விழா' என்று அழைப்பிதழ் வரும்போது, அது பழைமையானதா, தூய்மையானதா, சாமி உண்டா இல்லையா என்று ஆராய்வதை ஒத்திவைத்துவிட்டு மூன்று விஷயம் விசாரிக்கலாம். சமைப்பது யார்? பக்கத்தில் உட்காருவது யார்? விழா முடிந்ததும் விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது?